வேலிக்கு வெளியே நிற்கும் கணக்கு: சுரங்கத் தொழிலில் எண்ணப்படும் சாவுகளும் எண்ணப்படாத நோய்களும்

இந்தியாவின் சுரங்கச் சட்டத்துக்கு இரண்டு விபத்துகள் காரணம். 1897-ல் மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில் 52 பேர் இறந்தார்கள். 1899-ல் பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தார்கள். அடுத்து 1901-ல் முதல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902-ல் கல்கத்தாவில் சுரங்கங்களைச் சோதனையிட ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பின்னர் தன்பாதுக்கு இடம்பெயர்ந்த அந்த அலுவலகம்தான் இன்றைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம்.

சட்டம் பிறந்த விதம் அதன் பார்வையையும் தீர்மானித்துவிட்டது. ஒரே நாளில், ஒரே இடத்தில், பலர் மடிந்தால் விசாரணை நடக்கும், அறிக்கை வரும், விதி திருத்தப்படும். அதே சுரங்கத்தில் பதினைந்து ஆண்டு துளையிட்டுவிட்டு, ஊர் திரும்பி, இருமி இருமி இறந்தவரின் சாவு எந்தச் சுரங்கத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. சுரங்கத்தால் கிணறு வற்றிய விவசாயியும் அந்தக் கணக்கில் இல்லை. சுரங்கத் தொழிலின் ஆபத்துகள் என்று பேசும்போது விபத்து, நோய், சுற்றுச்சூழல் என்று மூன்று தலைப்புகளாகப் பிரிப்பது வழக்கம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்: பாதிப்பு வேலையிடத்தையும் வேலைக்காலத்தையும் விட்டு எவ்வளவு தள்ளி நிகழ்கிறதோ, அவ்வளவுக்கு அதற்குப் பொறுப்பேற்கும் ஆளும் இல்லாமல் போகிறார்.

ஒரே நாளில் நேர்பவை

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் எதிரிகள் பழையவை: வாயு, தூசி, தண்ணீர், தலைக்கு மேலுள்ள கூரை. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 1958-ல் வங்கத்தின் சினாகுரியில் வாயு வெடித்து 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1965-ல் தோரி சுரங்கத்தில் நிலக்கரித் தூசியே வெடித்து 268 பேரைக் கொன்றது. காற்றில் மிதக்கும் நுண்ணிய கரித்தூள் தீப்பற்றினால் அதன் அலை சுரங்கப் பாதைகளில் படிந்திருக்கும் தூளையும் கிளப்பிவிட்டுக்கொண்டே ஓடும். சுரங்கச் சுவர்களில் சுண்ணாம்புக்கல் பொடி தூவுவது இதைத் தடுக்கத்தான்.

தண்ணீரின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாதுக்கு அருகே சாஸ்நாலாவில் நீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். பக்கத்திலிருந்த பழைய, கைவிடப்பட்ட குடைவுகளில் தேங்கியிருந்த நீர், இடையிலிருந்த தடுப்பை உடைத்துக்கொண்டு வந்தது. 1995-ல் காஸ்லிடாண்டில் 64 பேர், 2001-ல் பாக்டிகியில் 29 பேர் என்று பிறகும் நீர் புகுந்து உயிர்கள் போயின. வெட்டி முடித்துவிட்டுப் போன குடைவுகளின் சரியான வரைபடம் கையில் இருப்பது எத்தனை முக்கியம் என்பதை இத்தகைய விபத்துகள் காட்டுகின்றன. ஒரு தலைமுறை விட்டுச்சென்ற வெற்றிடம் அடுத்த தலைமுறையின் மேல் வந்து விழுகிறது.

1971-73 காலத்து நாட்டுடைமைக்குப் பிறகு நிலக்கரித் துறையில் மேற்பார்வை கூடியது. உற்பத்தி மெல்ல மெல்லத் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு நகர்ந்து, இன்று 90 விழுக்காட்டுக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. கூரை இடிந்து சாகும் ஆபத்து இதனால் குறைந்தது. ஆனால் ராட்சத டம்பர் லாரிகளும் சரியும் மண்மேடுகளும் புதிய ஆபத்தாயின. 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் புதைந்தார்கள். இறந்தவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சுரங்கம் பொதுத்துறையுடையதாக இருந்தாலும், அதில் இறங்கி வேலை செய்பவர் அதன் ஊழியராக இருக்க வேண்டியதில்லை என்பது இன்றைய நடைமுறை.

தமிழ்நாட்டில் சுரங்கச் சாவு என்றால் பெரும்பாலும் கல்குவாரிச் சாவுதான். 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து நால்வர் இறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, அதே மே மாதத்தில், சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் பாறை சரிந்து உயிர்களைப் பறித்தது. பாறையைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போகாமல் படிப்படியாக இறக்க வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்தைவிடக் குறையக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. படி விட்டால் அந்த அளவுக்குக் கல் உள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்க மேலே கூடுதல் நிலம் வேண்டும். செங்குத்துச் சுவர் என்பது அறியாமையால் வருவதைவிட லாபக் கணக்கால் வருவதே அதிகம்.

எல்லாவற்றுக்கும் கடைக்கோடியில் இருப்பது மேகாலயாவின் எலிவளைச் சுரங்கம். மனிதர் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய துளை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் இதைத் தடை செய்தது. 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜெயின்டியா மலையின் க்ஸான் பகுதியில் அப்படியொரு துளைக்குள் நீர் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் வரை வந்தும் வெளியே வந்தவை இரண்டு உடல்கள் மட்டுமே. சட்டப்படி இல்லாத சுரங்கத்துக்கு வரைபடமும் இல்லை, பணியாளர் பட்டியலும் இல்லை. தேடவேண்டியவர்கள் எந்தத் திசையில் குடைந்தார்கள் என்றே மீட்புக் குழுவுக்குத் தெரியவில்லை.

மூச்சோடு உள்ளே போவது

விபத்தைவிட அதிகமாகக் கொல்வது தூசி. கிரானைட், மணற்கல், குவார்ட்ஸ், தங்கத்தாதுப் பாறை எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் தூளில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள்தான் நுரையீரலின் காற்றறை வரை போகும். அதை விழுங்க வரும் உடலின் காவல் செல்கள் ஜீரணிக்க முடியாமல் செத்து, அழற்சியைக் கிளப்பி, அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பேறிய நுரையீரல் மீண்டும் விரியாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து கிடையாது. இந்த நுரையீரலைக் காசநோய்க் கிருமியும் எளிதில் பற்றுகிறது. சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது.

இந்தியாவில் இந்த நோயின் முதல் பெரிய ஆதாரமும் கோலார் தங்கவயலில்தான் கிடைத்தது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கைக்கு வந்த அந்த வயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் மிகுதியானோர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். இந்த ஆபத்துகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1940-களில் அங்கே எக்ஸ்ரே வைத்து நடந்த ஆய்வு, தெரியாததையும் காட்டியது: சோதித்த 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ். இந்நோய்க்கு இழப்பீடு தரும் விதிகளை மைசூர் அரசு 1940-லேயே கொண்டுவந்திருந்தது.

இந்த எண் அதிர்ச்சி தருவது. ஆனால் அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கவயலில் நிர்வாகம் ஒன்று, மருத்துவமனை ஒன்று, பதிவேடு ஒன்று, பல ஆண்டு ஒரே வேலையில் இருந்த தொழிலாளர்கள். நோயைத் தேடுவதற்கான ஏற்பாடு அங்கே இருந்ததால் நோய் கண்ணில் பட்டது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சித் தொழிலாளர்களை ஆய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் தென்பட்டது. இதுவும் தேடியதால் கிடைத்தது. தேடாத இடங்களில் எண்ணிக்கை சுழியாக இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் சிலிக்கோசிஸ் இல்லை என்றால், அங்கே நோய் இல்லை என்று கொள்வதைவிட, படம் பிடித்துப் படிக்கத் தெரிந்த மருத்துவர் அங்கே இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

தேடாதபோது நோய்க்கு வேறு பெயர் சூட்டப்படுகிறது. இருமல், எடை குறைவு, மூச்சுத்திணறல், இரவுக் காய்ச்சல் என்று வரும் கூலித் தொழிலாளியைப் பார்த்தவுடன் மருத்துவர் எழுதுவது காசநோய் மாத்திரை. பல மாதம் தின்றும் குணமாகாமல் அலைவார்கள். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ராவுக்குக் குவார்ட்ஸ் அரைக்கப் போன ஆதிவாசிகள் ஊர் திரும்பி ஒவ்வொருவராக இறந்தார்கள். விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் தரும்படி 2016-ல் குஜராத் அரசுக்கு உத்தரவு வந்தது. நோய் பிடித்த இடம் ஒரு மாநிலம், செத்த இடம் இன்னொரு மாநிலம். இரண்டுக்கும் நடுவே பொறுப்பு பல ஆண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து மாறுபட்ட வழியைக் காட்டியது ராஜஸ்தான். ஜோத்பூர், கரௌலி பகுதிகளின் மணற்கல் குவாரிகளில் வேலை செய்தவர்களுக்காக 2019-ல் அந்த மாநிலம் ஒரு கொள்கை அறிவித்தது. மருத்துவக் குழு நோயை உறுதிசெய்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், மாத ஓய்வூதியம். எந்த முதலாளியிடம் வேலை பார்த்தாய் என்று நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கியதுதான் இதன் சிறப்பு. ஆயிரக்கணக்கில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பல காலம் வெளியே தெரியாமல் கிடந்த எண், கேட்கும் வழியை எளிதாக்கியவுடன் ஆயிரங்களாக எழுந்து வந்தது. இதிலும் குறை உண்டு. இழப்பீட்டை அரசு கொடுத்துவிடுவதால், தூசியைக் கட்டுப்படுத்தாத குவாரி உரிமையாளருக்கு எந்தச் செலவும் கூடவில்லை.

நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல், மாங்கனீசு நஞ்சேற்றம், கல்நார் தரும் புற்றுநோய், துளைக்கருவியின் அதிர்வால் மரத்துப்போகும் விரல்கள், வெடிச்சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவும் மெதுவாக வருபவை. வேலையை விட்டுப் போன பிறகே முற்றுபவை.

சட்டம் நிற்கும் இடம்

1952-ன் சுரங்கச் சட்டம் நோய்களை மறந்துவிடவில்லை. சிலிக்கோசிஸ், கல்நார் நோய், மாங்கனீசு நஞ்சேற்றம் போன்றவற்றைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது அதன் 25-ஆம் பிரிவு. வேலையில் சேரும்போதும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய அதன் விதிகள் கூறின. ஆனால் சிலிக்கோசிஸ் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஒரு பருவம் இந்தக் குவாரி, மறு பருவம் அந்தக் குவாரி என்று மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுப் பரிசோதனை ஒருமுறைகூட வாய்க்காமல் போகலாம். பணியில் இருப்பவரை மட்டும் சோதித்தால், மூச்சுவாங்கி வேலையை விட்டுப் போனவர்கள் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடுவார்கள். எஞ்சியவர்கள் ஆரோக்கியமானவர்கள், அறிக்கையும் ஆரோக்கியமாக இருக்கும்.

இன்னொரு ஓட்டையும் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இருந்தது. கட்டடக் கல், ஜல்லி, களிமண் போன்றவை எடுக்கும் திறந்தவெளிக் குழி 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லை, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை இல்லை, வெடிமருந்தும் இல்லை என்றால் சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தவில்லை. பாறை சரிந்து புதையும் ஆபத்துக்கு ஆழம் ஓர் அளவுகோலாகலாம். தூசிக்கு அது அளவுகோலே இல்லை. ஆழமில்லாத குழியில் கல் உடைப்பவரின் நுரையீரலுக்குள்ளும் அதே சிலிக்காதான் போகிறது. இப்போது 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய சுரங்கச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்டுவிட்டது. பெயர் மாறினாலும் பழைய கேள்வி மாறவில்லை: வேலையை விட்டுப் போனவரை யார் பின்தொடர்வது?

வேலிக்கு அப்பால்

சுற்றுச்சூழல் பாதிப்பும் இதே பாதையில்தான் நடக்கிறது. ஜார்க்கண்டின் ஜாரியாவில் நிலக்கரிப் படுகைக்குத் தீப்பிடித்தது 1916-ல் முதன்முதலாகப் பதிவானது. நூறாண்டு கடந்தும் எரிகிறது. சரியாக மூடாமல் விட்ட குடைவுகளில் காற்று புகுந்து, நிலக்கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்கிறது. மேலே இருக்கும் வீடுகள் திடீரென்று உள்வாங்குகின்றன; நிலத்தின் வெடிப்புகளிலிருந்து நச்சுப்புகை வருகிறது. ஜாரியா, ராணிகஞ்ச் மக்களை வேறிடத்தில் குடியேற்ற 2009-ல் 7,112 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். முடிக்க முடியாமல், 2025-ல் ஜாரியாவுக்குத் திருத்திய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தார்கள். தீ மூட்டிய சுரங்க முதலாளிகளில் பலர் நாட்டுடைமைக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டவர்கள்.

மேகாலயாவின் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. அதிலுள்ள பைரைட் கனிமம் காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. கைவிட்ட துளைகளிலிருந்து வடியும் இந்த நீரால் ஜெயின்டியா மலையின் ஓடைகள் செம்மஞ்சளாகி, மீன்கள் அற்றுப்போயின. லூகா ஆறு குளிர்காலங்களில் நீலமாக மாறுவது செய்தியானது. சுரங்கத்தைத் தடை செய்தாலும் அமிலம் தடைக்குக் கட்டுப்படாது. திறந்து கிடக்கும் ஒவ்வொரு துளையும் மழைக்கு மழை வடித்துக்கொண்டே இருக்கும்.

நெய்வேலியில் சிக்கல் வேறு விதம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பொத்துக்கொள்ளாமல் நிற்கும். சுரங்கத்துக்கு இது பாதுகாப்பு நடவடிக்கை. சுற்றியுள்ள கடலூர் விவசாயிக்கு நீர்மட்ட இழப்பு. ஒரே பம்பு ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரைப் பாதிக்கிறது. ஆகவே பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் இருவேறு அலுவலகங்கள் தனித்தனிக் கோப்பில் பார்ப்பது பயன் தராது.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தங்கம் பிரிக்க சயனைடு கலந்து அரைத்த மண், சுமார் 3.3 கோடி டன், 13 மேடுகளாக ஊருக்குள் நிற்கிறது. காற்று வீசும் காலத்தில் அந்த மாவுத்தூள் குடியிருப்புகளின் மேல் பறக்கிறது. அந்த மேடுகளில் மிஞ்சிய தங்கத்துக்காக, 1,003 ஏக்கரில் கிடக்கும் அவற்றை ஏலம் விட 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. கழிவு எவ்வளவு, அதில் தங்கம் எவ்வளவு என்று அளந்தாயிற்று. மூடிய நாளில் பணிப்பட்டியலில் இருந்தவர்களின் நுரையீரல் நிலை என்ன ஆயிற்று என்று அதே அக்கறையோடு பின்தொடர எந்த ஏற்பாடும் அமையவில்லை. சுரங்கத் தொழிலாளர் நலனுக்காகத் தங்கவயலில் 1990-ல் தொடங்கிய தேசிய ஆய்வு நிறுவனமும் பிற்பாடு நாக்பூருக்குப் போய்விட்டது.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவில் 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பைத் தொழிலாளர்கள் தூசியின் பக்கம் திருப்பினார்கள். 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 பேர் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த சட்டம் தூசிக்கு வரம்பும் நோயாளிக்கு உதவித்தொகையும் தந்தது. நோய் குறைந்தது. பிறகு மெல்லிய நிலக்கரி அடுக்கோடு பாறையையும் சேர்த்து வெட்டும் இயந்திரங்கள் வந்தபோது சிலிக்கா கூடி, அப்பலாச்சிய மலைகளில் இளைய தொழிலாளர்களிடமும் கடுமையான நோய் திரும்பியது. சிலிக்காவுக்குக் கடுமையான வரம்பை 2024-ல்தான் அறிவித்தார்கள்; நிலக்கரிச் சுரங்கங்களில் அதன் அமலும் வழக்கால் தள்ளிப்போனது. ஒருமுறை வென்ற நோய்கூடக் கருவி மாறும்போது திரும்பி வரும்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் தென்னாப்பிரிக்காவுடையது. அங்கேயும் தங்கம், அதே ஆழம், லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்து நோயோடு ஊர் திரும்பிய கூலிகள். பழைய இழப்பீட்டுச் சட்டம் இருந்தாலும் முதலாளி மீது வழக்குத் தொடுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 2011-ல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வழியே எழுந்த கூட்டு வழக்கில் ஆறு நிறுவனங்கள் உடன்பட்டன. குறைந்தது 500 கோடி ராண்ட் தரும் அந்த உடன்பாட்டை 2019-ல் ஜொகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது. 1965 முதல் வேலை செய்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் அதில் அடக்கம். வேலையை விட்டு அரை நூற்றாண்டு ஆனாலும், நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனாலும், பொறுப்பு தொழிலாளியோடு கூடவே போகும் என்பதை அது நிலைநாட்டியது.

பிரேசிலின் புருமாதின்யோ வேலியின் பொருளையே கேள்விக்குள்ளாக்கியது. 2019 ஜனவரி 25 அன்று அங்கே சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அணைக்கு நேர் கீழே சுரங்க நிறுவனத்தின் அலுவலகமும் சாப்பாட்டுக் கூடமும் இருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் அதன் தொழிலாளர்களே. சுற்றுச்சூழல் ஆபத்து என்று தனியாக வைத்த கோப்பு ஒரே மதியத்தில் தொழிலாளர் பாதுகாப்புக் கோப்பாக மாறியது.

செய்யக்கூடியவை

தூசியைத் தடுக்கும் தொழில்நுட்பம் புதிதல்ல. துளைக்கருவியில் நீர் பாய்ச்சி ஈரத்துளையிடல், அரவை இயந்திரத்தை மூடி உறிஞ்சுகுழாய் வைத்தல், உடைக்கும் இடத்தில் நீர் தெளித்தல் ஆகியவை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளவை. முகமூடி கடைசி வரிசையில் நிற்க வேண்டியது. நம் குவாரிகளில் அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கிறது. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சம்மட்டி தூக்க முடியாது என்பது தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். சுரங்கப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 176-ஆம் உடன்படிக்கை 1995-லேயே வந்துவிட்டது. ஆபத்தான இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தரும் அதை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

நிதி இல்லை என்ற வாதமும் நிற்காது. 2015-ன் கனிமச் சட்டத் திருத்தம் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைத்து, சுரங்க வருவாயின் ஒரு பங்கை அங்கே சேர்க்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு குவாரி மாவட்டத்திலும் எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த மருத்துவக் குழுவை நிறுத்தலாம். மருத்துவமனைக்கு வரும் காசநோய்ச் சந்தேகம் ஒவ்வொன்றிலும் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வியைச் சேர்ப்பதற்குச் செலவே இல்லை.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. இன்று நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி பெறும்போதே அதை எப்படி மூடுவது என்ற திட்டம் தர வேண்டும். அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். பள்ளத்தை நிரப்ப, மரம் நட, நீரைச் சுத்திகரிக்க அந்தப் பணம். நிலத்துக்குக் கடன் உண்டு, அது சுரங்கம் மூடிய பின்னும் தொடரும் என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. தொழிலாளியின் நுரையீரலும் அந்தக் கணக்கில் சேரட்டும். சுரங்கத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, வேலையை விட்டபின் இருபது ஆண்டுக்கான பரிசோதனைச் செலவும் இழப்பீடும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். நிலக்கரி மட்டுமின்றி கல்குவாரிக்கும் இது பொருந்த வேண்டும். அப்போதுதான் ஈரத்துளையிடலுக்கு ஆகும் செலவு, பிற்காலத்தில் கட்டவேண்டிய தொகையோடு ஒப்பிடும்போது மலிவாகத் தெரியும். தூசி அடங்குவது அந்தக் கணக்கு முதலாளியின் மேசைக்கு வரும்போதுதான்.